படித்த பள்ளியின் பெயர்

தோழர்களே, 1894இல் கர்னல் ஆல்காட் ஊரூரில் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கியபோது, ஊர்ப் பள்ளிகளின் திண்ணைகூட நம் பிள்ளைகளுக்கு இல்லை. 1920களில் அரசின் தொழிலாளர் துறை சேரிகளில் பள்ளிகள் திறந்தது. அந்த வேரில் வந்த ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் இன்று ஆயிரத்துக்கும் மேல்.

அவற்றைப் பள்ளிக்கல்வித் துறையின் கீழ் கொண்டுவரப்போவதாக 2023 நிதிநிலை அறிக்கை சொன்னது. தனிப்பள்ளி எதற்கு என்ற கேள்வியும் கூடவே வந்தது. ஊர்ப் பள்ளிகளில் சாதி ஒழிந்துவிட்டதா என்பது இருக்கட்டும்.

1954 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் அமெரிக்கக் கறுப்பினக் கல்லூரிகளிடமும் இதையே கேட்டார்கள். அவை அசையவில்லை. மேரிலாந்து மாநிலத்தின் நான்கு கறுப்பினக் கல்லூரிகளுக்கு நிதியில் இழைத்த அநீதிக்காக, மாணவர்களும் முன்னாள் மாணவர்களும் 2006இல் வழக்குத் தொடுத்தார்கள். 15 ஆண்டுகள் விடவில்லை. 2021இல் 57.7 கோடி டாலர் தர அரசு இணங்கியது.

நலப் பள்ளியில் படித்து அம்பத்தூர் எஸ்டேட்டுக்கும் ஆவடி டாங்கித் தொழிற்சாலைக்கும் வேலைக்குப் போன நாம் எத்தனை பேர்! அவர்கள் கல்லூரிப் பெயரைச் சட்டையில் போட்டுக்கொண்டு திரிகிறார்கள். நாமோ, சாதி தெரிந்துவிடும் என்று பள்ளியின் பெயரையே விழுங்கிவிடுகிறோம். பிறகு முன்னாள் மாணவர் சங்கம் எங்கிருந்து வரும்? வழக்குப் போட யார் இருப்பார்கள்?