சலவைப்பட்டறையும் பல் வேரும்

திருப்பூர்க் குடும்பங்களுக்குக் குளோரின் வாடை புதிதன்று. சலவைப்பட்டறைகளில் ஹைட்ரஜன் பெராக்சைடு பெருகுமுன், பனியன் துணியை வெளுத்தது சோடியம் ஹைப்போகுளோரைட் என்னும் நீர்மமே. அதே சரக்கைத் தக்கவாறு நீர்க்கச் செய்து, அழுகிய பல்லின் வேருக்குள் பல் மருத்துவர் செலுத்துகிறார் என்றால் நம்மில் பலர் வியப்புறலாம்.

முதல் உலகப் போரின்போது, 1915-ஆம் ஆண்டளவில், போர்வீரரின் சீழ்ப்புண்களைக் கழுவ இதன் அரை விழுக்காட்டுக் கரைசலைக் கையாண்டவர்கள் ஆங்கிலேய வேதியியலார் ஹென்றி டேக்கினும், பிரெஞ்சு அறுவை மருத்துவர் அலெக்சிஸ் காரெலும் ஆவர். (1902-இல் லூர்து நகரில், சாகும் தறுவாயிலிருந்த ஓர் இளம்பெண் நலமடைந்ததை நேரிற் கண்ட காரெல் இவர்தாம்!)

சொத்தை முற்றிப் பல்லின் உட்கூழ் மடிந்துவிட்டால், அங்கே இரத்த ஓட்டம் அற்றுப்போகிறது. எனவே, கடையில் வாங்கி விழுங்கும் மாத்திரை நோவைச் சற்று அடக்கலாமேயன்றி, வேர்க்குழலில் குடியிருக்கும் கிருமிகளைச் சென்றடையாது. இரவு ஷிப்டு தவறிவிடுமே என்று மாத்திரையாலேயே வாரங்களைக் கடத்தும் தொழிலாளர் நம் பங்குகளில் எத்தனை பேர்! அவ்வாரங்களிலெல்லாம் கிருமிகள் பிசுபிசுத்த படலமாய் வேர்ச்சுவரில் ஒட்டி வலுப்பெறுகின்றன.

காலம் கடத்துவதன் விளைவைச் சென்னை ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட சோதனை ஒன்று நன்கு காட்டுகிறது. பிடுங்கிய பற்களில், சிகிச்சைக்குப் பின்னும் அடிக்கடி எஞ்சி நிற்கும் எண்டரோகாக்கஸ் ஃபீகாலிஸ் என்னும் கிருமியை அவர்கள் வளர்த்தனர். மூன்று வாரப் படலத்தை ஐந்து விழுக்காட்டு ஹைப்போகுளோரைட் முற்றும் ஒழித்தது. கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் சேர்ந்த நம் திரிபலாவும் அவ்வாறே ஒழித்தது. பச்சைத் தேயிலைச் சத்தால் அது இயலவில்லை. ஆனால் ஆறு வாரப் படலத்தின் முன் திரிபலாவும் பின்னடைந்தது. ஹைப்போகுளோரைட் ஒன்றே அதனை முழுதும் அழித்தது. மடிந்த தசையைக் கரைக்கும் ஆற்றலும் அதற்கு உண்டு. திரிபலாவை இகழ வேண்டியதில்லை. அதுவும் கிருமிகளைக் கணிசமாகக் குறைத்தது. எனினும் சோதனைக்கூடத்துப் பல் வேறு, உயிருள்ள வாய் வேறு.

தசையைக் கரைக்கும் இவ்வாற்றலே ஆபத்தும் ஆகும். வேர்நுனியைத் தாண்டி உள்ளே கசிந்தால் கடும் எரிவும் வீக்கமும் உண்டாகும். அதனால்தான் மருத்துவர் பல்லைச் சுற்றி ரப்பர் திரை விரித்து, பக்கவாட்டில் துளையுள்ள ஊசியால் மெல்ல மெல்லச் செலுத்துகிறார். வீட்டிலுள்ள பிளீச்சிங் நீரை வாயிலிட்டுக் கொப்பளிப்பவர், பல்லிலுள்ள கிருமி சாகுமுன் தம் வாயையே வேகவைத்துக்கொள்வார்.