முகப்பேரில் ஓர் ஆலமரம்!



நான் ஆசிரியையாக இருந்தபோது, எங்கள் பள்ளிக்கு எதிரே இருந்த பஸ் நிறுத்தத்தில் ஒரு பெண்மணி உட்கார்ந்திருப்பார். சடை பிடித்த தலை. கொளுத்தும் வெயிலிலும் இரண்டு, மூன்று புடவைகளைச் சுற்றியிருப்பார். தனக்குத்தானே பேசிக்கொள்வார்.

ஒருநாள் மாணவன் ஒருவன் அவர் மேல் கல் எறிந்துவிட்டான். கூப்பிட்டுக் கண்டித்தேன். அழுதுகொண்டே, "அவங்க ஏன் டீச்சர் வீட்டுக்குப் போகாம இங்கேயே இருக்காங்க?" என்று கேட்டான்.

எனக்குப் பதில் தெரியவில்லை. சில நாட்களில் அந்தப் பெண்மணியும் அங்கே இல்லை. எங்கே போனார் என்று யாரும் விசாரிக்கவில்லை, நானும்தான்.

அப்படி விட்டுவிடாத இருவரைப் பற்றி இன்று சொல்கிறேன்.

1993-ம் ஆண்டு. வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயகுமார் என்ற இரு இளம்பெண்கள், மனநோயோடு சென்னைச் சாலையில் தவித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணைப் பார்த்தார்கள். அவரைச் சேர்க்க இடம் தேடி அலைந்தார்கள். இடம் கிடைப்பது லேசாக இல்லை. சரி, நாமே ஓர் இடத்தை உண்டாக்குவோம் என்று துணிந்தார்கள். அப்படிப் பிறந்ததுதான் 'தி பான்யன்'. பான்யன் என்றால் ஆலமரம்! வழிப்போக்கர் யாராக இருந்தாலும் நிழல் தரும் மரம் அல்லவா? அதன் இல்லம் நம் முகப்பேரில் இருக்கிறது. பெயர், 'அடைக்கலம்'.

உடம்புக்குக் காய்ச்சல் வருவதுபோல மனதுக்கும் நோய் வரும். அப்போது சிலர் வழி தெரியாமல் வீட்டைவிட்டுக் கிளம்பி, ஏதோ ஒரு ரயிலில் ஏறி, மொழி தெரியாத ஊரில் இறங்கிவிடுவார்கள். அது அவர்கள் குற்றமா? இல்லவே இல்லை!

இல்லத்துக்கு வருபவருக்கு முதலில் குளியல், நல்ல உடை, வயிறார உணவு. பிறகு மருத்துவம். மெல்ல மெல்லத் தெளிவு பிறக்கும். அதன்பின் தொடங்கும் ஒரு துப்பறியும் வேலை! ஊர்ப் பெயரை மறந்தவருக்கு, ஊர்க் கோயிலோ ஆறோ ரயில் நிலையமோ நினைவுக்கு வரலாம். அந்த நூலைப் பிடித்துக்கொண்டே வீட்டைத் தேடுவார்கள். இப்படி வெளிமாநிலங்களுக்கும் திரும்பிச் சென்றவர்கள் ஏராளம்.

திரும்பிப் போக வீடே இல்லாதவர்கள்? அவர்களுக்காக 2015-ல் 'ஹோம் அகெய்ன்' என்ற திட்டம் வந்தது. 'மீண்டும் ஒரு வீடு' என்று பொருள். நான்கைந்து பேர், சாதாரணத் தெருவில் ஒரு வீட்டில் ஒரு குடும்பம்போல் வாழ்கிறார்கள். சமைக்கிறார்கள், காய்கறி வாங்கக் கடைக்குப் போகிறார்கள். உதவிக்குப் பணியாளரும் உண்டு.

இங்கேதான் ஊரின் பங்கு வருகிறது. யாராவது வீட்டை வாடகைக்குத் தர வேண்டும். கடைக்காரர் மரியாதையாகப் பேச வேண்டும். பக்கத்து வீட்டார் சிரித்த முகத்தோடு 'சாப்பிட்டீங்களா?' என்று கேட்க வேண்டும். பணம் மட்டும் இருந்தால் போதாது. ஊர் கூடித்தானே தேர் இழுக்க வேண்டும்!

பெல்ஜியம் நாட்டில் கீல் என்று ஓர் ஊர். அங்குள்ள குடும்பங்கள் பல நூறு ஆண்டுகளாக மனநோயாளிகளைத் தங்கள் வீட்டிலேயே தங்கவைத்துப் பார்த்துக்கொள்கின்றன.

சட்டமும் துணை நிற்கிறது. ஒரு லட்சம் மக்களுக்கு ஓர் இரவுபகல் தங்குமிடமாவது வேண்டும் என்று 2010-ல் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. மனநோயோடு தெருவில் திரிபவரைப் பாதுகாப்பது போலீசாரின் கடமை என்கிறது 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். சென்னைக் காவல்துறை 2021-ல் 'காவல் கரங்கள்' என்ற மீட்புப் பணியையும் தொடங்கியது.

நீங்கள் என்ன செய்யலாம்?

* 'பைத்தியம்' என்று யாரையும் கூப்பிடாதீர்கள். நண்பர்கள் கேலி செய்தால் தடுங்கள்.
* தனியாக அருகில் போக வேண்டாம். பார்த்த இடத்தைக் குறித்துவைத்து, அப்பா, அம்மாவிடமோ ஆசிரியரிடமோ உடனே சொல்லுங்கள். அவர்கள் காவல்துறைக்குத் தெரிவிப்பார்கள்.
* அடிபட்டுக் கிடந்தால் 108. ஆதரவின்றித் தவிப்பது குழந்தையாக இருந்தால் 1098. இரண்டையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

'அவங்க ஏன் வீட்டுக்குப் போகல?' என்று அன்று கேட்டவன் கேட்டது நல்ல கேள்வி, குழந்தைகளே! கல்லை எறிவதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். நீங்கள் முதலிலேயே கேளுங்கள். பதில் தெரியாவிட்டால், என்னைப்போல் சும்மா இருந்துவிடாதீர்கள்!