டோக்கன் கையில், ஆள் உறக்கத்தில்

திருப்பதி சீனிவாசத்திலோ விஷ்ணு நிவாசத்திலோ சர்வ தரிசன டோக்கன் வாங்கியவருக்கு, முறை என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டாம். முண்டியடித்தவர் முந்திக்கொள்ளும் வரிசையைவிட டோக்கன் வரிசை நியாயமானது. லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் இந்த நியாயம் 2008-இல் வந்தது.

கணினியில் பல பிராசஸர்கள் ஒரே தரவை ஒரே சமயத்தில் தொட்டுவிடாமல் காக்க ஒரு பூட்டு உண்டு, ஸ்பின்லாக் என்பார்கள். பூட்டு திறக்கும்வரை மற்ற பிராசஸர்கள் உறங்காமல் சுற்றிச்சுற்றிப் பார்த்துக்கொண்டே நிற்கும். யார் கைக்கு முதலில் எட்டுகிறதோ அவருக்கே பூட்டு என்றிருந்ததை, 2.6.25 பதிப்பில் நிக் பிக்கின் டோக்கன் முறையாக மாற்றினார். நல்ல மாற்றம்தான். மெய்நிகர் கணினிகளுக்கு அதுவே வினையாயிற்று.

2007 பிப்ரவரியில் வந்த 2.6.20 பதிப்பிலேயே கேவிஎம் லினக்ஸுக்குள் சேர்ந்துவிட்டது. ஒரே இயந்திரத்தில் பல மெய்நிகர் கணினிகளை ஓட்ட அது வழி செய்தது. ஆனால், மெய்நிகர் பிராசஸர் நிஜ பிராசஸர் அல்ல. அதை எப்போது ஓட்டுவது, எப்போது நிறுத்திவைப்பது என்பதைக் கீழிருக்கும் ஹோஸ்ட் முடிவுசெய்கிறது. அடுத்த டோக்கனை வைத்திருக்கும் பிராசஸரையே ஹோஸ்ட் நிறுத்திவைத்திருந்தால்? பூட்டு திறந்தே கிடக்கும். எடுக்க வேண்டியவர் உறக்கத்தில். பின்னால் நிற்பவர்களோ முந்தவும் முடியாமல், உருப்படியான வேலை எதுவும் இல்லாமல் சுற்றிக்கொண்டிருப்பார்கள்.

ஸென் என்ற இன்னொரு மெய்நிகராக்க மென்பொருளுக்கு ஜெரமி ஃபிட்ஸ்ஹார்டிஞ் இதற்கொரு தீர்வு எழுதினார். அதைக் கேவிஎம்முக்குக் கொண்டுவந்தவர்களில் ஐ.பி.எம். பொறியாளர்கள் ஸ்ரீவத்ஸ வடகிரியும் கே.டி. ராகவேந்திராவும் முக்கியமானவர்கள். தீர்வு எளிமையானது, அதனாலேயே அழகானது. கொஞ்ச நேரம் சுற்றிப் பார்த்தும் முறை வராத பிராசஸர், தான் எந்தப் பூட்டுக்கு எந்த எண்ணோடு காத்திருக்கிறது என்று எழுதிவைத்துவிட்டு உறங்கப்போகும். பூட்டை விடுகிறவர் அடுத்த எண் யாருடையது என்று பார்ப்பார். அவர் உறங்கினால், எழுப்பிவிடும்படி ஹோஸ்டிடம் சொல்வார். இந்த எழுப்புதலுக்குக் கெர்னலில் கிக் என்று பெயர்.

எளிமையாக இருந்தும் ஒரே மூச்சில் ஏற்கப்படவில்லை. பிராசஸர் வீணாகச் சுற்றுவதை வன்பொருளே கண்டுபிடித்துவிடுகிறதே, இது எதற்கு என்ற கேள்வி எழுந்தது. அளந்து காட்டினார்கள், திருத்தினார்கள், மறுபடி அனுப்பினார்கள். பத்துக்கும் மேற்பட்ட வடிவங்கள் கடந்து, 2013 நவம்பரில் வெளியான 3.12 பதிப்பில் அது இடம்பெற்றது. சித்தூர், திருப்பதி பொறியியல் மாணவர்களுக்கு நான் காட்ட விரும்புவது இந்தப் பொறுமையைத்தான். கெர்னலைப் பயன்படுத்துவதோடு நின்றுவிடாதீர்கள். உள்ளே போய்ப் படியுங்கள், திருத்தி அனுப்புங்கள். அனுமதிச்சீட்டு எதுவும் கேட்க மாட்டார்கள்.

2015-இல் 4.2 பதிப்பு, டோக்கன் பூட்டுக்குப் பதிலாக கியூஸ்பின்லாக் என்ற புதிய பூட்டைக் கொண்டுவந்தது. கேவிஎம்மில் உறங்குபவரை எழுப்பும் அந்த அழைப்பு மட்டும் அப்படியே தொடர்ந்தது. இதை நீங்களே பார்க்கலாம். உங்கள் மடிக்கணினியின் பயாஸில் மெய்நிகராக்கம் அணைந்திருந்தால் இயக்குங்கள். கேவிஎம்மில் ஒரு மெய்நிகர் கணினிக்கு இரண்டு பிராசஸராவது கொடுத்து லினக்ஸைத் தொடங்கி, டிமெசக் (dmesg) கட்டளை காட்டும் தொடக்கச் செய்திகளில், இந்த எழுப்பும் முறையைக் குறிக்கும் 'பிவி ஸ்பின்லாக்ஸ்' (PV spinlocks) என்ற வரியைத் தேடுங்கள். அது இயங்குகிறதா, இல்லையென்றால் ஏன் என்பதைக் கெர்னலே அங்கே சொல்லும்.