அமெச்சூர் வானொலியும் அதன் அனுமதிப்பத்திரமும்

2004 ஆம் ஆண்டு மார்கழி மாதம் 26 ஆந் திகதி காலையில் கடல் பொங்கிக் கரையேறியபோது நம் நாட்டின் கரையோரங்களில் உயிரும் உடைமையும் அழிந்தமையை யாவரும் அறிவர். அவற்றோடு உடனழிந்த பிறிதொன்றை எண்ணிப் பார்த்தவர் சிலரே. செய்தி செல்லும் வழியும் அன்று அழிந்தது. தொலைபேசிக் கம்பிகள் அறுந்தன. அறாது எஞ்சியவற்றிலோ, உறவினரைத் தேடும் பல்லாயிரவர் ஒருங்கே அழைத்தமையால் எவர் குரலும் எவர்க்கும் எட்டாதாயிற்று. அந்நிலையில் இலங்கை வானொலிச் சங்கத்தினர் சிலர் சிற்றலைக் கருவியொன்றையும் மோட்டார் வண்டி மின்கலவடுக்கு ஒன்றையும் எடுத்துக்கொண்டு அம்பாந்தோட்டையை அடைந்தனர். அங்கிருந்து கொழும்பிலே பிரதமரின் அவசரப் பணியகத்தோடு அவர்கள் தொடர்பு ஏற்படுத்தினர். அக்காலத்தில் அச்சங்கத்தின் தலைவராக விளங்கியவர் விக்டர் குணதிலக என்பார். அதே நாளில் வங்கக் கடலின் அப்பாலே அந்தமான் தீவின் போர்ட் பிளேயர் நகரிலும் இத்தகைய செயல் நிகழ்ந்தது. பாரதி பிரசாத் என்னும் பெண்மணியார், உலகெங்குமுள்ள வானொலி நண்பரோடு உரையாடும் பொருட்டு அங்கே சென்று நிலையம் அமைத்திருந்தார். அவர் பொழுதுபோக்குக்காக நிறுவிய நிலையமே, கடல் பொங்கிய பின் அத்தீவினர்க்கும் இந்தியப் பெருநிலத்தார்க்கும் இடையே செய்தி சுமக்கும் நிலையமாயிற்று.

இவர்கள் அரசாங்க ஊழியருமல்லர், படையினருமல்லர். அமெச்சூர் வானொலியாளர் எனப்படுவோர். அமெச்சூர் என்னும் சொல்லை நம்மவர் ‘அரைகுறைப் பயிற்சியுடையவன்’ என்னும் பொருளிலே சிலவேளை வழங்குகின்றனர். அதன் மூலப்பொருள் அதுவன்று. ஊதியம் கருதாது, ஒரு கலையின்மீதுள்ள காதலினாலே அதனைப் பயில்பவன் என்பதே பொருள். சர்வதேச வானொலி ஒழுங்குவிதிகளும் இக்கருத்தையே கொண்டுள்ளன. தன்னைத் தானே பயிற்றுவித்தல், பிறரோடு தொடர்பு கொள்ளுதல், நுட்ப ஆராய்ச்சி செய்தல் ஆகிய மூன்றும் இச்சேவையின் நோக்கங்களென்றும், இதனிற் பொருள் ஆதாயம் கூடாதென்றும் அவை விதிக்கின்றன.

இவ்வமெச்சூர்கள் உலகிற்குச் செய்த உபகாரம் சிறிதன்று. ஐக்கிய அமெரிக்காவிலே 1912 ஆம் ஆண்டுச் சட்டம், 200 மீற்றருக்கு மேற்பட்ட அலைநீளங்களை வாணிகத்துக்கும் கடற்படைக்கும் ஒதுக்கி, அதற்குக் கீழ்ப்பட்டவற்றையே இவர்க்கு விட்டது. அவை பயனற்றவை என்பதே அக்காலத்துப் பொறியியலாளர் பலரின் துணிபு. வேண்டாத மேய்ச்சல் நிலத்தை ஏழைக்குக் கொடுத்தாற் போன்றது அக்கொடை. 1923 ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்தில் பிரான்ஸ் தேசத்து நீஸ் நகரிலிருந்த லியோன் டெலோய் என்பவரும் அமெரிக்காவிலிருந்த ஷ்னெல், ரைனாட்ஸ் என்னும் இருவரும் ஏறக்குறைய 100 மீற்றர் அலைநீளத்தில் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து இருவழியாகவும் பேசினர். பயனற்றதென்று தள்ளப்பட்ட சிற்றலையே உலகை வளைக்க வல்லது என்பது அன்று வெளியாயிற்று. நம் நாடும் இத்துறையிற் பின்தங்கியிருக்கவில்லை. தந்தித் திணைக்களத்துத் தலைமைப் பொறியியலாளராயிருந்த எட்வேட் ஹார்ப்பர், கைப்பற்றப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலி உறுப்புக்களைக் கொண்டு கருவி சமைத்து, 1923 இற் பரீட்சார்த்த ஒலிபரப்பைத் தொடங்கினார். 1925 மார்கழி 16 இற் கொழும்பு வானொலி முறையாக ஆரம்பமாவதற்கு வழிகோலியவர் அவரே.

சிற்றலை எவ்வாறு தூரம் செல்கின்றது? பூமிக்கு மேலே, நூறு கிலோமீற்றர் முதற் சில நூறு கிலோமீற்றர் வரையிலான உயரத்திலே, சூரிய ஒளியினால் மின்னேற்றம் பெற்ற வாயுப் படைகள் உள. அவற்றின் தொகுதியை அயன மண்டலம் என்பர். கீழிருந்து செல்லும் சிற்றலை அங்கே வளைக்கப்பட்டு மீண்டும் பூமிக்கு வருகின்றது. இதனை நம் ஊருக்குப் பொருத்திப் பார்ப்போம். யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் இடையே நேர்கோட்டுத் தூரம் ஏறக்குறைய 300 கிலோமீற்றர். கையிலே கொண்டு செல்லும் சிறு கருவிகள் பயன்படுத்தும் 2 மீற்றர் அலை நேராகவே செல்வது. பூமியின் வளைவு அதனை மறைத்துவிடும். மலையில்லாத குடாநாட்டில் 25 மீற்றர் உயரக் கம்பத்தின் உச்சியிலிருந்து அடிவானம் 20 கிலோமீற்றர் அளவிலேயே முடிகின்றது. ஆனால் 40 மீற்றர் அலையைப் பகலிலும் 80 மீற்றர் அலையை இரவிலும் ஏறத்தாழச் செங்குத்தாக மேலே செலுத்தினால், அது அயன மண்டலத்திற் பட்டு, குடையின் விளிம்பிலிருந்து நீர் சொரிவது போல, நாற்புறமும் சில நூறு கிலோமீற்றருக்குள் வந்து விழும். இடையிலே கோபுரமும் வேண்டா, கம்பியும் வேண்டா.

இதற்கு வேண்டிய வான்கம்பியைச் செய்தல் மிக எளிது. ஏரியல் என நம்மவர் வழங்குவது இதுவே. 143 என்னும் எண்ணை மெகாஹேட்ஸ் அளவிலுள்ள மீடிறனால் வகுத்தால் அரையலைக் கம்பியின் நீளம் மீற்றரில் வரும். 7.1 மெகாஹேட்ஸுக்கு அது 20 மீற்றர் ஆகும். செப்புக் கம்பியை நடுவே வெட்டி, ஈரரைகளுக்கும் இடையே காவலியை வைத்து, அங்கிருந்து ஊட்டுவடத்தைக் கீழிறக்கி, இரு முனைகளையும் நைலோன் கயிற்றினால் இரு பனைகளிற் கட்டினால் வேலை முடிந்தது. உயரக் கட்டுவதே பெருமை என்று கருதிப் பனையின் வட்டுவரை ஏறுதல் வேண்டா. அண்மைத் தூரங்களுக்குப் பத்து மீற்றருக்கு மேற்படாத உயரமே சிறந்தது. தூர தேசங்களோடு பேச விரும்புவோரே மேலும் உயர்த்துதல் வேண்டும்.

இனி அனுமதிப்பத்திரத்தைப் பற்றிக் கூறுவாம். வானொலிச் செலுத்தியை அனுமதியின்றி வைத்திருத்தலும் இயக்குதலும் குற்றமாகும். 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டமும் அதனைத் திருத்திய 1996 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டமும் இவ்விடயத்தை ஆளுகின்றன. அனுமதி வழங்குவது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. விண்ணப்பிப்பவர் முதலிற் பரீட்சையிலே சித்தியெய்தல் வேண்டும். அப்பரீட்சை இரு பகுதிப்பட்டது: ஒன்று மின்னியலும் வானொலியியலும், மற்றையது சட்டமும் ஒழுங்குவிதியும். முதற்பகுதி கண்டு அஞ்சவேண்டியதில்லை. ஓமின் விதி, கொள்ளளவி, சுருள், பரிவு, திரான்சிஸ்டர் என்பன உயர்தரப் பௌதிகம் பயிலும் மாணவனுக்குப் புதியனவல்ல. அவன் புதிதாகக் கற்பது வான்கம்பி, ஊட்டுவடம், அலை பரவும் முறை, பிறருடைய வாங்கிகளுக்கு இடையூறு நேராது காத்தல் ஆகியவற்றையே. இரண்டாம் பகுதியை மனனம் செய்தல் அவசியம். இவற்றிற்குரிய நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே உள்ளமை நம் மாணவர்க்கு ஒரு தடை என்பதை மறுப்பதற்கில்லை. பௌதிகத்தைத் தமிழிலே கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் நூறு பக்கத்தில் ஒரு கைநூல் எழுதுவாராயின், அது பெருந்தொண்டாகும்.

மோர்ஸ் குறியைப் பற்றிப் பலர் வினவுவர. சிற்றலையிலே பேச விரும்புவோர் யாவரும் அதனை அறிந்திருத்தல் வேண்டும் என்று முன்னர் சர்வதேச விதி இருந்தது. 2003 ஆம் ஆண்டு உலக வானொலி மாநாடு அதனை அந்தந்த நாட்டின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. எனினும் அதனைக் கற்றல் நன்றென்பதே எம் கருத்து. குரல் கரைந்துபோகும் இரைச்சலிலும் புள்ளியும் கோடும் கேட்கும்; ஐந்து வாற்று வலுவும் அதற்குப் போதும்.

சித்தியெய்தியவர்க்கு அழைப்புக்குறி வழங்கப்படும். உலகிலே இரண்டு நிலையங்களுக்கு ஒரே குறி இருத்தல் இல்லை. முற்காலத்தில் வீ.எஸ்.7 என்று தொடங்கிய இலங்கைக் குறி, பின்னர் 4எஸ்7 என மாறிற்று. இக்குறியைக் கேட்டவுடன் உலகின் எம்மூலையிலுள்ள வானொலியாளனும் இலங்கை என அறிவான். கருவியை வெளிநாட்டிலிருந்து வருவிக்க எண்ணுவோர்க்கு ஒரு சொல்: சுங்கத்திலே பெட்டி தடைப்பட்ட பின் ஆணைக்குழுவை நாடாது, இறக்குமதிக்கான அனுமதியை முன்னரே பெற்றுக்கொள்க. வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வரும் பழைய மாணவர் அன்பளிப்பாகக் கொணரும் கருவிக்கும் இது பொருந்தும்.

இவ்வானொலியிற் பேசத்தகாதன சில உள. வாணிகம் பேசலாகாது. பொருளை மறைக்கும் இரகசியக் குறியீட்டிற் பேசலாகாது. யாவரும் கேட்கவே பேசுதல் இதன் இயல்பு. மூன்றாமவர் பொருட்டுப் பிறநாட்டுக்குச் செய்தி அனுப்புதலும் விலக்கப்பட்டதே. ஆயின் ஆபத்துக் காலத்திலும் அனர்த்த நிவாரணத்திலும் அது சர்வதேச விதியாலேயே அனுமதிக்கப்படுகின்றது. இவ்விலக்கே 2004 இற் பயன்பட்டது.

அத்தகைய காலத்திலே வேண்டப்படுவது பேச்சுவன்மையன்று, அடக்கமே. முதலிற் கேட்டல் வேண்டும். 14.300 மெகாஹேட்ஸ் உலகு முழுவதற்கும், 7.110 நம் பிரதேசத்துக்கும் அவசரத் தொடர்பின் மைய மீடிறன்களாகக் குறிக்கப்பட்டுள்ளன. அங்கே நெறிப்படுத்தும் நிலையம் ஒன்று இருப்பின், அது அழைக்கும்வரை வாய் திறவாதிருத்தல் கடமை. உதவி செய்யும் ஆர்வத்தினாலே பத்துப் பேர் ஒருங்கே பேசினால், உதவி வேண்டுபவனுடைய மெல்லிய குரல் அமிழ்ந்துபோகும். செய்தியை எழுதிவைத்துக்கொண்டே சொல்லுதல் வேண்டும். எண்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, மறுமுனையிலிருப்பவர் திருப்பிப் படிக்கக் கேட்டல் வேண்டும். ‘பதினைந்து’ என்பது ‘ஐந்து’ என்று கேட்குமாயின், பத்துப் பேருக்கு மருந்து செல்லாது.

மின்சாரம் அற்ற நாளில் நூறு வாற்றுக் கருவி பேசும்போது 20 அம்பியர் அளவு இழுக்கும். கேட்கும்போது ஓரிரு அம்பியரே. ஆதலின் அதிகம் கேட்டுக் குறையப் பேசுபவனுக்கு மோட்டார் வண்டி மின்கலவடுக்கு ஒருநாள் முழுதும் உழைக்கும். மின்கலத்தின் அருமையை நம்மவர்க்குச் சொல்லவேண்டுமா? 1990 இன் பின்னர் மின்கலங்கள் வடக்கிற்கு வராது தடுக்கப்பட்ட காலத்தில், துவிச்சக்கர வண்டியைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவினால் வானொலிச் செய்தி கேட்டவர்கள் நாம். அக்காலத்திற் கேட்க மட்டுமே முடிந்தது. பேசுவதற்குரிய கருவியை வைத்திருத்தல் உயிராபத்தாயிருந்தது. போர் 2009 இல் முடிவுற்றது. கருவியைக் கண்டால் அஞ்சும் வழக்கம் முதியோரிடம் இன்னும் முற்றாக நீங்கியதன்று, அது இயல்பே. சட்டப்படி பெற்ற பத்திரமும் சுவரிலே மாட்டிய அழைப்புக்குறியுமே அவ்வச்சத்தைப் போக்கும்.

அனுமதி பெறுமுன் மாணவர் செய்யத்தக்கது கேட்டலே. சாதாரணச் சிற்றலைப் பெட்டியில் அமெச்சூர்களின் குரல் வாத்துக் கத்துவது போலவே கேட்கும். சுமப்பலையை நீக்கி ஒரு பக்கப் பட்டையை மட்டும் செலுத்துதலே அதன் காரணம். ஆதலின் ஒற்றைப் பக்கப் பட்டையைத் தெளிவிக்கும் அமைப்புள்ள வாங்கியையே தேர்ந்து வாங்குதல் வேண்டும். விஞ்ஞான மன்றத்து அறையிலே அத்தகையதொன்றை வைத்து, யன்னலினூடாக 20 மீற்றர்க் கம்பியை வெளியே இழுத்துக் கட்டினால், காலை 7 மணியளவில் 7 மெகாஹேட்ஸிலே இந்தியாவின் பல பகுதிகளிலுமிருந்து ஒருவரையொருவர் வணங்கி நலம் விசாரிக்கும் குரல்களைப் பாடம் தொடங்குமுன் கேட்கலாம்.