விபிஎன் போட்டால் யார் கண்ணில் படமாட்டோம்?

பள்ளி வைஃபையில் இன்ஸ்டாகிராம் திறக்கவில்லை என்றால், பக்கத்தில் இருக்கும் நண்பன் சொல்லும் யோசனை ஒன்றுதான்: "விபிஎன் போட்டுக்கோடா!" ஒரு ஆப், ஒரு பட்டன், தடை விலகிவிடுகிறது. கூடவே இன்னொரு நம்பிக்கையும் ஒட்டிக்கொள்கிறது: 'இனி நான் நெட்டில் என்ன செய்தாலும் யாருக்கும் தெரியாது.' தடை விலகுவது பெரும்பாலும் உண்மை. யாருக்கும் தெரியாது என்பது உண்மை இல்லை.

நீலகிரியின் மஞ்சூர் போன்ற ஊரில் இந்த வேறுபாடு முக்கியம். குந்தா வட்டத்தின் தலைமையிடமான இந்த ஊரைச் சுற்றித் தேயிலைத் தோட்டங்களும் படுகர் ஹட்டிகளும் மலைச்சரிவுகளில் சிதறிக் கிடக்கின்றன. மேட்டில் நின்றால் டவர் முழுசாகக் காட்டும். ஒரு வளைவு திரும்பினால் காணாமல் போகும். இப்படிப்பட்ட இடத்தில் பள்ளி, விடுதி, கல்லூரி என்று எங்கே நிலையான வைஃபை இருக்கிறதோ, பிள்ளைகள் அதைத்தான் நம்பியிருப்பார்கள். அரசுப் பள்ளிக்கு மாணவர்கள் செல்போன் கொண்டுவரக் கூடாது என்பது விதி. ஆனால் ஹைடெக் லேப் கணினிகள் இருக்கின்றன. தொடக்கப் பள்ளிகளில் 22,931 ஸ்மார்ட் வகுப்பறைகள் அமைக்கும் திட்டத்தையும் தமிழக அரசு கொண்டுவந்தது. நீலகிரி முழுக்க உறைவிடப் பள்ளிகளுக்கும் பஞ்சமில்லை. எனவே பள்ளியின் இணைப்பில் யாருக்கு எது தெரியும் என்பதைப் பிள்ளைகளும் பெற்றோரும் தெரிந்துகொள்வது நல்லது.

ரவுட்டருக்கு என்ன தெரியும்?

முதலில் விபிஎன் இல்லாத நிலையைப் பார்ப்போம். இன்று பெரும்பாலான இணையதளங்கள் எச்டிடிபிஎஸ் முறையில் இயங்குகின்றன. நீங்கள் தட்டும் பாஸ்வேர்டு, அனுப்பும் செய்தி எல்லாம் போனிலேயே பூட்டப்பட்டு, அந்தத் தளத்தின் சர்வரில்தான் திறக்கப்படுகின்றன; நீங்கள் படிக்கும் பக்கம் சர்வரில் பூட்டப்பட்டு, உங்கள் போனில்தான் திறக்கப்படுகிறது. நடுவில் இருக்கும் பள்ளி ரவுட்டரால் அவற்றைப் படிக்க முடியாது.

ஆனால் நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது அதற்குத் தெரியும். தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் கேள்வி வழக்கமாகப் பூட்டப்படாமலே போகிறது. இணைப்பின் முதல் கட்டத்திலும் தளத்தின் பெயர் பெரும்பாலும் வெளிப்படையாகவே இருக்கும். எந்தக் கருவி, எத்தனை மணிக்கு, எவ்வளவு டேட்டா என்ற விவரமும் ரவுட்டரின் பதிவேட்டில் (லாக்) ஏறும். யூடியூப் பார்த்தீர்கள் என்பது தெரியும். எந்த வீடியோ என்பது தெரியாது.

விபிஎன் போட்டதும் இந்தப் பெயர்ப் பட்டியலும் மறைந்துவிடுகிறது. போனிலிருந்து விபிஎன் நிறுவனத்தின் சர்வர் வரைக்கும் பூட்டிய பாதை ஒன்று உருவாகிறது. மஞ்சூர்க்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். குந்தா நீர்மின் திட்டத்தில் குந்தா பாலம் அணையின் தண்ணீர் மலைக்குள் குடைந்த சுரங்கம் வழியாகக் கெத்தை மின்நிலையத்துக்குப் போகிறது. சுரங்கத்துக்கு மேலே தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர் கண்ணுக்கு அந்தத் தண்ணீர் தெரியாது. ஆனால் எவ்வளவு தண்ணீர் உள்ளே போனது, எப்போது போனது என்று அணையில் இருப்பவரால் சொல்ல முடியும். மறுமுனையில் இருப்பவர் கையில்தான் தண்ணீர் முழுவதும் வந்து சேர்கிறது.

விபிஎன் நிலையும் இதுதான். பள்ளிக்கு உங்கள் தளங்களின் பெயர் தெரியாது. ஆனால் நீங்கள் விபிஎன் போட்டிருப்பது பெரும்பாலும் தெரிந்துவிடக்கூடும். ஓப்பன்விபிஎன் என்ற பரவலான தொழில்நுட்பத்தில் ஓடும் இணைப்புகளில் 85 சதவீதத்துக்கு மேல் அடையாளம் கண்டுபிடிக்க முடியும் என்று அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022-ல் நிரூபித்தார்கள். மறுமுனையிலோ, இதுவரை பள்ளி ரவுட்டருக்குத் தெரிந்திருந்த அதே பட்டியல் இப்போது விபிஎன் நிறுவனத்திடம் இருக்கிறது. பார்ப்பவர் மாறியிருக்கிறார், அவ்வளவுதான்.

மறுமுனையில் யார்?

பள்ளியின் வைஃபையைக் கவனிப்பவர் யார் என்று கேட்டால் தெரிந்துவிடும். குறையிருந்தால் தலைமையாசிரியரிடம் போகலாம். இலவச விபிஎன் ஆப்பை நடத்துபவர் யார்? அதன் அலுவலகம் எந்த நாட்டில்? சர்வர் வாடகை, பராமரிப்புச் செலவு எல்லாம் யார் பணம்?

ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ அமைப்பைச் சேர்ந்தவர்களும் பிறரும் 2016-ல் 283 ஆண்ட்ராய்டு விபிஎன் ஆப்களைப் பிரித்து ஆராய்ந்தார்கள். 75 சதவீத ஆப்களில் பயனரைப் பின்தொடரும் மூன்றாம் தரப்பு நிரல்கள் இருந்தன. 38 சதவீதத்தில் தீங்கு நிரலின் தடயம் இருந்தது. 18 சதவீதம் எதையும் பூட்டவே இல்லை.

பெரிய நிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல. ஃபேஸ்புக் 2013-ல் ஒனாவோ என்ற நிறுவனத்தை வாங்கியது. 'உங்கள் தகவலைப் பாதுகாக்கிறோம்' என்று சொன்ன அதன் இலவச விபிஎன் ஆப், மக்கள் எந்த ஆப்பை எவ்வளவு நேரம் பயன்படுத்துகிறார்கள் என்பதைத் தாய் நிறுவனத்துக்குத் தெரிவித்துக்கொண்டிருந்தது. 2023-ல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் இதற்காக 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. 2020-ல் 'நாங்கள் எந்த லாக்கும் வைப்பதில்லை' என்று விளம்பரம் செய்த யுஎஃப்ஓ விபிஎன் உள்ளிட்ட ஏழு ஆப்களின் லாக்குகள், பாதுகாப்பில்லாத சர்வரில் யாரும் பார்க்கும்படி கிடந்தது அம்பலமானது.

இந்தியாவில் இன்னொரு திருப்பமும் உண்டு. 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் ஓர் உத்தரவு போட்டது. விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளரின் பெயர், மின்னஞ்சல், தொடர்பு எண், ஒதுக்கப்பட்ட ஐபி முகவரி ஆகியவற்றை ஐந்தாண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்றது. ஏற்க மறுத்த எக்ஸ்பிரஸ்விபிஎன், சர்ஃப்ஷார்க், நார்டுவிபிஎன் போன்றவை இந்தியாவிலிருந்த தங்கள் சர்வர்களை அகற்றின. விபிஎன் பயன்படுத்துவது நாட்டில் பொதுவாகக் குற்றமல்ல. ஜம்மு-காஷ்மீரின் சில மாவட்டங்களில் மட்டும் நிர்வாகம் அவ்வப்போது தற்காலிகத் தடை விதித்திருக்கிறது. ஆனால் பள்ளி விதியை மீறினால் பள்ளி நடவடிக்கை எடுக்கலாம்.

கட்டணம் வாங்கும் நல்ல விபிஎன்னிலும் ஓட்டை விழுந்ததுண்டு. 'டனல்விஷன்' என்று பெயரிடப்பட்ட தாக்குதல் முறை 2024 மே மாதம் வெளியானது. உள்ளூர் வைஃபையைக் கட்டுப்படுத்துபவர், கருவிக்கு ஐபி முகவரி வழங்கும்போதே வேறு பாதையையும் சேர்த்துச் சொல்லிவிட்டால், விபிஎன் 'கனெக்டட்' என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே டேட்டா வெளியே போகும். ஆண்ட்ராய்டில் அப்படிச் சொல்லப்படும் பாதையை ஏற்கும் வசதியே இல்லாததால் அது தப்பியது. மற்ற கருவிகள் பலவும் மாட்டின.

விபிஎன் தொடாத இடம்

இதுவரை பார்த்ததெல்லாம் நடுவழியில் நடப்பவை. பள்ளிப் பிள்ளைகளின் தகவல் அதிகம் கசிவதோ வழியின் இரு முனைகளில்.

தமிழகப் பாடநூல்களில் இருக்கும் க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யாத மாணவர் குறைவு. அது போய்ச் சேரும் இடம் மத்திய அரசின் திக்ஷா தளம். 2022 மே மாதம் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு உலகெங்கும் அரசுகள் பரிந்துரைத்த கல்விச் செயலிகளை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. திக்ஷா செயலி இருப்பிடத் தகவலைத் திரட்டியதாகவும், போனின் விளம்பர அடையாள எண்ணை கூகுளுக்கு அனுப்பியதாகவும் அதில் இருந்தது. 2023 ஜனவரியில் இன்னொரு செய்தி வந்தது: திக்ஷாவின் தகவல் இருந்த கிளவுட் சர்வர் ஒன்று ஓராண்டுக்கும் மேலாகப் பூட்டாமல் கிடந்தது. பத்து லட்சத்துக்கும் அதிகமான ஆசிரியர்களின் பெயரும் போன் நம்பரும் மின்னஞ்சலும் அதில் இருந்தன. ஏறத்தாழ ஆறு லட்சம் மாணவர்களின் விவரமும் இருந்தது.

இந்த இரண்டையும் எந்த விபிஎன்னாலும் தடுத்திருக்க முடியாது. செயலி போனுக்குள் உட்கார்ந்துகொண்டு தகவலை எடுக்கிறது. விபிஎன் அதைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. கூகுள் கணக்கில் லாகின் செய்துவிட்டு விபிஎன் போடுவதும் இப்படித்தான். நீங்கள் யார் என்பதை நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

கருவி பள்ளிக்குச் சொந்தமானது என்றால் நிலைமை இன்னும் தெளிவு. அதில் கண்காணிப்பு மென்பொருள் இருந்தால், பூட்டுவதற்கு முன்பே திரையைப் பார்த்துவிடும். அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா அருகே லோயர் மெரியன் பள்ளி மாவட்டம், மாணவர்களுக்குக் கொடுத்த லேப்டாப்களின் கேமரா வழியே வீட்டுக்குள் ஆயிரக்கணக்கான படங்கள் எடுத்தது 2010-ல் வழக்கானது. கடைசியில் 6,10,000 டாலர் கொடுத்துச் சமரசம் செய்தார்கள்.

என்ன செய்யலாம்?

பஸ் ஸ்டாண்டு, லாட்ஜ் போன்ற முன்பின் தெரியாத இடத்து வைஃபையில் நம்பகமான விபிஎன் உதவும். பெயர் தெரியாத இலவச விபிஎன் ஆப் இருந்தால் இன்றே நீக்கிவிடுங்கள். ஆண்ட்ராய்டு 9 முதல் 'பிரைவேட் டிஎன்எஸ்' வசதி இருக்கிறது. அதை இயக்கினால் டிஎன்எஸ் கேள்விகளும் பூட்டப்படும். செட்டிங்ஸில் போய் எந்தெந்த ஆப்புக்கு இருப்பிடம், மைக், கேமரா அனுமதி கொடுத்திருக்கிறோம் என்று பாருங்கள், தேவையில்லாததை நிறுத்துங்கள். ஆண்ட்ராய்டு 12 முதல் விளம்பர அடையாள எண்ணையே அழிக்கலாம். இவை எல்லாம் காசில்லாத வேலை.

பள்ளிகளுக்கும் வேலை இருக்கிறது. தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. 2023-ன் எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோர் ஒப்புதலைக் கேட்கிறது. அவர்களைப் பின்தொடர்வதையும் குறிவைத்து விளம்பரம் காட்டுவதையும் தடுக்கிறது. 2025 நவம்பரில் விதிகள் அறிவிக்கப்பட்டன. கல்வி நிறுவனங்களுக்குச் சில விலக்குகள் உண்டு. ஆனால் விலக்கு இருக்கிறது என்பதற்காகப் பிள்ளைகளிடம் எதையும் சொல்லாமல் இருந்துவிடக் கூடாது.

எந்தத் தளங்கள் தடுக்கப்பட்டுள்ளன, எந்த லாக் எடுக்கப்படுகிறது, எத்தனை நாள் வைக்கப்படும், யார் பார்ப்பார்கள் என்ற நான்கு விவரங்களையும் பள்ளி நோட்டீஸ் போர்டில் தமிழில் ஒட்டட்டும். பாடத்துக்குத் தேவையான தளமோ, வளரிளம் பருவத்தினருக்கான உடல்நலத் தகவலோ தவறுதலாகத் தடுக்கப்பட்டிருந்தால், அதைத் திறக்கச் சொல்லி மாணவர்கள் கேட்பதற்கென ஓர் ஆசிரியரை நியமிக்கட்டும். அடுத்த பெற்றோர்-ஆசிரியர் கூட்டத்தில் இந்தக் கேள்விகளை நீங்களே எழுப்புங்கள். இவற்றுக்குப் பள்ளி பதில் சொல்லிவிட்டால், பிள்ளைகள் முகம் தெரியாத விபிஎன் நிறுவனத்தைத் தேடிப் போக வேண்டிய காரணத்தில் பாதி குறைந்துவிடும்.