ஒரு சொல்லும் அதன் பல பொருள்களும்

திருமறையின் மூலமொழிகளைக் கற்கும் நாம் ஒரு சொல்லின் பொருளை அகராதியில் தேடுகிறோம். அங்கே தலைச்சொல்லாக நிற்கும் அலகை மொழியியலார் ‘லெக்சீம்’ என்பர். வந்தான், வருவான், வந்து என்பன வடிவில் வேறுபடினும் ‘வா’ என்னும் ஒரே லெக்சீமைச் சேர்ந்தவை. அவ்வாறே சார்க்ஸ், சார்க்கொஸ், சார்க்கி, சார்க்கா என்பன ஒரே கிரேக்க லெக்சீமின் வேற்றுமை வடிவங்கள். நம் பழைய மொழிபெயர்ப்பு இதனைப் பெரும்பாலும் ‘மாம்சம்’ எனத் தருகிறது.

இதற்குப் பொருள் பல. லூக்கா 24:39இல் உடலின் தசை. ரோமர் 1:3இல் மனித வழிமரபு. யோவான் 1:14இல் நலிவுக்குட்பட்ட மனித இயல்பு. கலாத்தியர் 5:19இல் தேவனை எதிர்க்கும் மனப்போக்கு. அகராதி இவற்றை வரிசைப்படுத்தும். ஓரிடத்தில் நிற்பது எப்பொருள் என்பதைத் தீர்மானிப்பதோ வாக்கியமும் சூழலுமே.

ஒரு சொல்லின் எல்லாப் பொருள்களையும் ஒவ்வோர் இடத்திலும் ஏற்றிப் படிப்பது தவறென ஜேம்ஸ் பார் 1961இல் எச்சரித்தார். கலாத்தியர் நிருபத்தின் பொருளை யோவானில் புகுத்தினால், வார்த்தையானவர் தேவ எதிர்ப்பையே தம் இயல்பாகக் கொண்டார் என்றாகிவிடும். எபிரெயர் 4:15 இதனை மறுக்கிறது. ஆகவே, அகராதியைப் பார்த்தபின் அதிகாரம் முழுவதையும் மீண்டும் வாசித்தே நாம் பிரசங்கபீடம் ஏறுவோமாக.