பழனி விஞ்சும் ஒரு லத்தீன் கயிறும்

செகந்திராபாத் பத்மாராவ் நகரில் ஸ்கந்தகிரி முருகனைப் பார்க்கப் பெரிய மலையேற்றம் எதுவும் இல்லை. சிறு குன்றுதான். கோல்கொண்டாவில் பாலா ஹிஸார் உச்சிக்குப் போக அவரவர் கால்தான் துணை. அதனால் ஐரோப்பியச் சுற்றுலா விளம்பரங்களில் 'ஃபனிகுலர்' என்று வரும்போது, ஏதோ வெளிநாட்டு வேடிக்கை என்று ஹைதராபாத் தமிழர்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள். அவர்களில் பாதிப் பேராவது அதில் ஏறியிருப்பார்கள், பழனியில்!

சொல்லின் முன்பாதி 'ஃபன்' என்று ஒலித்தாலும் கேளிக்கைக்கும் அதற்கும் உறவில்லை. லத்தீனில் 'ஃபூனிஸ்' என்றால் கயிறு; 'ஃபூனிகுலுஸ்' என்றால் சிறு கயிறு. காய்க்குள் விதையைப் பிடித்திருக்கும் காம்புக்கும் தாவரவியலில் இதே பெயர்தான். செங்குத்தான சரிவில், தண்டவாளத்தின் மீது, கம்பிவடத்தால் இழுக்கப்படும் பெட்டிதான் ஃபனிகுலர். பெரும்பாலும் இரண்டு பெட்டிகள் ஒரே வடத்தின் இரு முனைகளில் இருக்கும். இறங்கும் பெட்டியின் எடை மற்றொன்றை ஏற்றிவிடும். எந்திரம் செய்ய வேண்டியது மிச்ச வேலையை மட்டும். கிணற்று ராட்டினத்தில் இரண்டு வாளி கட்டி இறைத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் கோட்டைக்குச் சுமார் 1500லேயே சரக்குப் பெட்டி கயிற்றால் இழுக்கப்பட்டுத்தான் ஏறியது. இத்தாலியின் வெசுவியஸ் எரிமலையில் 1880இல் ஃபனிகுலர் ஓடத் தொடங்கியதும், 'ஃபுனிகுலி ஃபுனிகுலா' என்று ஒரு பாட்டே பிறந்து உலகம் சுற்றியது.

ஊட்டி ரயிலை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே வடம் கிடையாது. எஞ்சினின் பற்சக்கரம் நடுவிலுள்ள பல்தண்டவாளத்தைக் கவ்வி ஏறுகிறது. ஆனால் அந்தப் பல்தண்டவாள முறையை வகுத்த சுவிஸ் பொறியாளர் ரோமன் ஆப்ட்தான், ஒற்றைப் பாதை ஃபனிகுலரில் இரு பெட்டிகளும் நடுவழியில் விலகிக்கொள்ளும் ஏற்பாட்டையும் 1879இல் கீஸ்பாக் அருவிப் பாதையில் செய்துகாட்டியவர்.

பழனியில் 1966இல் வந்ததை மக்கள் 'விஞ்ச்' என்றார்கள். வடத்தைச் சுற்றி இழுக்கும் எந்திரத்துக்குத்தான் அந்தப் பெயர். நம்மவர்கள் பெட்டிக்கும் சேர்த்துச் சூட்டிவிட்டார்கள். நீலகிரியில் கிளென்மார்கனிலிருந்து சிங்காரா மின்நிலையத்துக்கு இறங்கும் மின்வாரியப் பெட்டியும் விஞ்ச்தான். இமாசலத்தில் ஜோகிந்தர் நகருக்கு மேலே ஓர் ஊருக்கே 'விஞ்ச் கேம்ப்' என்று பெயர்.

செய்தித்தாள் தமிழில் பழனி விஞ்ச் 'மின் இழுவை ரயில்'. 2004இல் பழனிக்கு வந்த, அந்தரத்தில் தொங்கிப் போகும் ரோப்காருக்குத்தான் 'கம்பிவட ஊர்தி' என்று பெயர் கிடைத்தது. லத்தீன் கணக்கில் பார்த்தால் வடத்தின் பெயர் விஞ்சுக்கும் சேர வேண்டியது. தேர்வடம் பிடித்தவர்களுக்கு 'வடரயில்' என்பது அந்நியமாகவும் இருந்திருக்காது. ஆனால் பழனி அடிவாரத்தில் போய் 'மின் இழுவை ரயில் எங்கே?' என்று கேட்டுப் பாருங்கள். 'விஞ்ச்தானே, அந்தப் பக்கம்' என்றுதான் கை காட்டுவார்கள்.